எட்டிப் பார்க்கும் கண்

விசாகப்பட்டினத்துக் கடற்கரை மணலில் 'குர்சுரா' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் கரையேறி நிற்கிறது. 1969-இல் நம் கடற்படையில் சேர்ந்து, 2001-இல் ஓய்வு பெற்று, மறு ஆண்டு அருங்காட்சியகமான கப்பல் அது. அதனுள் குனிந்தபடி நடந்து சென்ற என்னை, டார்பிடோக்களைக் காட்டிலும் பெரிஸ்கோப்பே நெடுநேரம் நிறுத்தி வைத்தது. 91 மீட்டர் நீளமுள்ள இரும்பு உடலுக்கு, மூழ்கியிருக்கையில் வெளியுலகைக் காட்டுவது ஓர் ஒல்லிக் குழாய்!

அக்குழாயை எங்ஙனம் காக்கின்றனர்? கப்பலின் முதுகிலுள்ள கோபுரத்துக்குள் அடங்கியிருக்கும்வரை அதற்குப் பெரிதாக ஆபத்தில்லை. உயர்த்திய பின்னரோ, கவசம் ஏதுமின்றி அலைகளின் நடுவே தனித்து நிற்கிறது. கப்பல் விரைந்தால் நீரின் விசை அதனை அதிரச் செய்யும், வளைத்துவிடவும் கூடும். ஆதலால் வேகத்தைத் தணித்த பிறகே உயர்த்துவர். உட்புறக் கண்ணாடியில் நீர்த்துளி படியாதிருக்க, ஈரமற்ற நைட்ரஜன் வாயுவை நிரப்பி வைப்பர். மேலே வருமுன் சோனார் கருவியால் சுற்றுப்புற ஓசைகளைச் செவிமடுப்பர். போர்க்காலத்தில் சில நொடிகள் மட்டும் பார்த்துவிட்டு இறக்கிவிடுவர். அது கிழிக்கும் வெண்ணுரைக் கோடே பகைவனுக்குக் காட்டிக்கொடுத்துவிடுமே!

இவ்வளவு செய்தும் விபத்து நேர்கிறது. 2013 ஜனவரியில், பாரசீக வளைகுடாப் பகுதியில் அமெரிக்காவின் 'ஜாக்சன்வில்' மற்றொரு கலத்தோடு மோதி, தன் இரு பெரிஸ்கோப்புகளில் ஒன்றை இழந்தது. 2021 பிப்ரவரியில் ஜப்பானின் 'சோர்யு', மேலெழும்போது ஒரு சரக்குக் கப்பலின்மீது மோதிற்று. தொடர்புக் கருவிகள் பழுதுபட்டமையால், கைப்பேசிக்கு அலை கிடைக்கும் இடத்தை அடைந்த பிறகே கரைக்குச் செய்தி சொல்ல முடிந்தது. அதற்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் கடந்துவிட்டது.

இன்றைய புதிய கப்பல்கள் சிலவற்றில் குழாய்க்குப் பதிலாகக் கேமராக்கள் பொருத்திய கம்பமே உண்டு. அது முறிந்தாலும் கப்பலின் உடலுக்குள் நீர் புகாது. நல்ல ஏற்பாடுதான்.

எனினும், கண்ணைக் காப்பதிலேயே கருத்தாயிருப்போர் பார்ப்பதில் அவசரப்பட்டுவிடலாகாதே என்றும் தோன்றுகிறது. 2001 பிப்ரவரி 9 அன்று ஹவாய்த் தீவுகளருகே, போர் ஏதுமில்லாத கடலில், அமெரிக்காவின் 'கிரீன்வில்' விருந்தினர்களுக்கு வேடிக்கை காட்டும் பொருட்டு விரைந்து மேலெழுந்தது. அதற்குமுன் பெரிஸ்கோப்பில் பார்க்கத்தான் செய்தனர். ஆனால் போதிய நேரம் பார்க்கவில்லை, போதிய உயரத்துக்கு அதனை உயர்த்தவுமில்லை என்று விசாரணையில் வெளிப்பட்டது. மேலே 'எஹிமே மாரு' என்னும் ஜப்பானிய மீன்வளப் பள்ளியின் பயிற்சிக் கப்பல் சென்றுகொண்டிருந்தது. அது சில நிமிடங்களில் மூழ்கிற்று. ஒன்பது பேர் மாண்டனர். அவர்களுள் நால்வர் மாணவர்கள். ஆழ்கடலிலிருந்து எட்டு உடல்களை மீட்டனர். ஒரு மாணவனின் உடல் மட்டும் கிடைக்கவேயில்லை.