மலை வீட்டுக்கு என்னென்ன டூல்ஸ்?

எங்க ஊர் கொட்டச்சேடு. ராத்திரி குழாய் உடைந்தால் ஏற்காட்டிலிருந்து ஆள் வர மறுநாள் ஆகும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம் மலைப்பாதையில் மண் சரிந்தபோது கேட்கவே வேண்டாம். வீட்டில் இருப்பதுதான் உதவி.

"டிப்ளமோ படிக்கிறியே, என்ன வாங்கலாம் சொல்லுடா" என்றார் பெரியப்பா. சேலத்துக் கடையில் நாற்பது சாமான் அடங்கிய பெட்டியைக் காட்டினார்கள். பார்க்க ஜோர்! ஆனால் திருப்புளி முனை மெத்தென்று இருந்தது. நான் வேண்டாம் என்றேன். அந்தக் காசுக்கு நல்லதாக ஐந்தாறு வாங்கலாமே.

8 இஞ்ச் கட்டிங் பிளேயர், திருப்புளி இரண்டு, பைப் ரெஞ்ச் ஒன்று. ஸ்பேனரில் 10-11, 12-13 போதும். எம்6 போல்ட்டுக்கு 10, எம்8-க்கு 13. ஹாக்ஸா பிளேடின் பல் முன்னே பார்க்கணும் என்பது ஒர்க்‌ஷாப்பில் நாமெல்லாம் திட்டு வாங்கிப் படித்ததுதான். சுத்தியலுக்குப் பெரியப்பா சம்மதிக்கவில்லை. கொடுவாளின் பின்பக்கம் இருக்கிறதாம்!

டெஸ்டருக்குத்தான் சண்டையே. "எதுக்குடா, புறங்கையால தொட்டா தெரியாதா?" என்றார். பெரியப்பா, 230 வோல்ட்டுக்குப் புறங்கையும் உள்ளங்கையும் ஒன்றுதான். விடாப்பிடியாக வாங்க வைத்தேன். டெஸ்டரையும் கண்ணை மூடி நம்பக்கூடாது நண்பர்களே. கரண்ட் இருக்கிற பிளக்கில் முதலில் எரிகிறதா பாருங்கள், மெயினை அணைத்துவிட்டு அப்புறம் வேலை.

மலையில் பனிமூட்டம் இரும்பைத் தின்றுவிடும். சாக்கில் சுற்றினால் ஈரம் கோர்க்கும். மெஷின் ஆயில் தொட்ட துணியே நல்லது.