டயரில் கை வைப்பதற்கு முன்

டொயோட்டா 86 வாங்கிய கையோடு பலர் முதலில் மாற்றுவது டயரைத்தான். 2012-இல் வண்டி வந்தபோது சக்கரத்தில் இருந்தது மிச்செலின் பிரைமசி எச்பி, 215/45 ஆர்17. மைலேஜுக்குப் பேர்போன பிரியஸுக்கும் அதே டயர் போனதால் ‘பிரியஸ் டயர்’ என்று கேலிப்பெயர் விழுந்தது. ஆனால் அது காசை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை அல்ல. தலைமைப் பொறியாளர் தெட்சுயா தடாவின் குழு தெரிந்தே எடுத்த முடிவு. பிடிமானம் குறைவாக இருந்தால் சாதாரண வேகத்திலேயே பின்பக்கம் லேசாக வழுக்கும். ஓட்டுகிறவருக்கு அது உடனே தெரியும், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிசெய்ய நேரமும் இருக்கும். இந்தக் காரின் குணமே அதுதான்.

*

சரி, நன்றாக ஒட்டும் டயரைப் போட்டுவிட்டோம். வளைவில் வேகம் கூடுகிறது. வளைவை விட்டு வெளியே வரும்போதுதான் தொல்லை. 2 லிட்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு 7,000 சுற்றில். உச்ச இழுவை 205 நியூட்டன் மீட்டர், 6,400 சுற்றைத் தொட்ட பிறகு. நடுவில், ஏறத்தாழ 3,500 முதல் 4,500 சுற்று வரை, இழுவை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. பழைய டயர் வழுக்கிக்கொண்டிருந்த வரை அந்தப் பள்ளம் பெரிதாக உறைக்கவில்லை. இப்போது பின்சக்கரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் எஞ்சின் சோகையாகத் தெரிகிறது. உடனே எஞ்சினுக்குச் செலவு. எஞ்சின் சூட்டுக்கு ஆயில் கூலர். கூடிய வேகத்துக்குப் பெரிய பிரேக். ஒரு மாற்றம் அடுத்ததற்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறது.

*

அதனால் முதல் மாற்றத்துக்கு நான் வைக்கும் கேள்வி இது: கம்பெனி தந்தபடியே ஓட்டினால் எது முதலில் கைவிடுகிறது? தெருவில் ஓட்டும் வரை எதுவுமே கைவிடாது. பந்தயத் தடத்தில் கொஞ்ச நேரம் விடாமல் ஓட்டினால் முதலில் கைவிடுவது பிரேக்.

*

ஒரு கணக்கு. ஓட்டுபவரோடு சேர்த்து 1,300 கிலோ. 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்குக் குறைத்தால் கழியவேண்டிய ஆற்றல் சுமார் 960 கிலோஜூல். 25 டிகிரியில் இருக்கும் 3 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். காற்றும் எஞ்சினும் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் டிஸ்க்கிலும் பேடிலும் சூடாக இறங்குகிறது. தடத்தின் ஒவ்வொரு சுற்றிலும் பல முறை.

*

பிரேக் கைவிடுவது இரண்டு விதம். பெடல் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிவிட்டது. பெடல் மெத்தென்று உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியை முடியும். நம் மிதியெல்லாம் அந்த ஆவியைச் சுருக்குவதிலேயே போய்விடுகிறது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்கவேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்தக் குறைந்தபட்சம் 155-ஆக இறங்கிவிடுகிறது. டாட் 5.1-க்கு இதே இரண்டு எண்கள் 260, 180. பெயர் ஒட்டியிருந்தாலும் டாட் 5 வேறு சாதி, சிலிக்கோன். இவற்றோடு கலக்கவே கூடாது.

ஆக, முதல் செலவு புது பிரேக் ஆயிலும், தெருவுக்கும் தடத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு செட் பேடும். முழுப் பந்தயப் பேட் வேண்டாம். சூடேறும் வரை கடிக்காது, கீச்சிடும், டிஸ்க்கைத் தின்னும். காலையில் வீட்டுத் தெருமுனையில் நிற்கவேண்டிய வண்டிக்கு அது ஆபத்து.

*

அடுத்தது அலைன்மெண்ட். முன்சக்கரம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட். கம்பெனி அமைப்பில் முன் கேம்பர், அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம், பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது. வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் சாய்ந்து, டயர் தன் வெளித்தோளில் ஓடுகிறது. முன்பக்கம் திரும்ப மறுப்பதும், டயரின் வெளிவிளிம்பு மட்டும் மொட்டையாவதும் இதனால்தான். ஸ்ட்ரட்டின் மேல் போல்ட்டுக்குப் பதிலாக மையம் விலகிய மெல்லிய போல்ட் ஒன்றைப் போட்டால் சக்கரத்தின் தலையை உள்ளே சாய்த்துவிடலாம். போல்ட் விலையும் அலைன்மெண்ட் கூலியும்தான் செலவு. இவ்வளவு சின்னத் தொகைக்கு இவ்வளவு வித்தியாசம் தரும் வேலை இந்த வண்டியில் வேறு இல்லை.

*

ஸ்பிரிங்கை வெட்டி, அல்லது குட்டை ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தாழ்த்துவது. பார்க்க அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்ட்ரட் அமைப்பில் வண்டியின் எடைமையம் இறங்குவதைவிட, அது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் சாய்வும் கூடும். அதை அடக்கக் கெட்டியான ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர். மறுபடி சீட்டு. ஜப்பானில் தரையிலிருந்து 9 சென்டிமீட்டர் உயரம் இல்லாவிட்டால் வாகனச் சோதனையிலும் தேறாது.

*

ஏர் ஃபில்டர், சைலன்சர்: பெரும்பாலும் காதுக்குத்தான். கம்பெனியே எஞ்சின் மூச்சிரைப்பைக் கேபினுக்குள் கொண்டுவர ஒரு குழாய் வைத்திருக்கிறது. எண்ணெய் தடவிய ஃபில்டரில் எண்ணெய் கூடிப்போனால் காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து வேறு வேலை வைக்கும். சத்தம் பிடித்தால் சத்தத்துக்கென்று வாங்குங்கள். திறன் கூடியதாகக் கணக்கு எழுதவேண்டாம்.

*

அந்த இழுவைப் பள்ளத்தை நிரப்ப வழி உண்டு: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாற்றி, எஞ்சின் கணினியின் நிரலையும் திருத்துவது. ஆனால் இந்த எஞ்சினில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் அந்த மேனிஃபோல்டோடு சேர்ந்தே இருக்கிறது. அதைக் கழற்றுவது அமெரிக்காவில் சட்டவிரோதம். கலிஃபோர்னியாவில் 2021 முதல் புகைச் சோதனையில் நிரலையும் பார்க்கிறார்கள்.

*

டயருக்கு வருவோம். பின்சீட்டை மடக்கினால் நான்கு டயர்கள் உள்ளே கிடக்கும்படி வடிவமைத்த வண்டி இது. தடத்துக்கு ஒரு செட், தெருவுக்குப் பழைய செட். கம்பெனி தந்த குணம் வீட்டில் பத்திரமாக இருக்கும்.

*

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று. பேட், கேம்பர், டயர் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றியவருக்கு எது பலன் தந்தது என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் முன்னால் காற்றழுத்தம் பார்க்கும் நல்ல கேஜ் ஒன்று வாங்கவேண்டும். தடத்தில் இறங்குமுன் அழுத்தம் எவ்வளவு, வந்து நின்றதும் எவ்வளவு என்று எழுதி வைத்தால் அடுத்த முடிவுகளில் பாதியை அந்தத் தாளே எடுத்துவிடும்.

*

குதிரைத்திறன்தான் வேண்டும் என்பவருக்கு. பழைய எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 86 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் 86. 2021-இல் வந்த ஜிஆர் 86-இல் ஸ்ட்ரோக்கைத் தொடாமல் விட்டத்தை 94 ஆக்கினார்கள். 2.4 லிட்டர், ஜப்பானில் 235 குதிரைத்திறன். உச்ச இழுவை 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,700 சுற்றிலேயே. பள்ளம் இருந்த இடத்தில் இப்போது மேடு. மேனிஃபோல்டு, நிரல், கூலர், கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பழையதை விற்ற காசோடு அந்தத் தொகையைச் சேர்த்துப் புதியதன் விலையோடு ஒப்பிட்டுவிட்டு, பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.