சுழியோடும் பிள்ளைகளும் கரையில் இருக்கும் பெரியவர்களும்: யாழ்ப்பாணத்துக்கு ஒரு குடும்பக் கடற்பயணம்

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால் ஆளுக்கொரு விருப்பம் சொல்வார்கள். அண்மைக்காலமாக அதில் புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் 'ஸ்கூபா' பழகியிருக்கிறார்கள். காற்றுருளையை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய்ப் பவளப்பாறை பார்க்க வேண்டும் என்கிறார்கள். மருமகளுக்கோ முழங்கால் தண்ணீரே பயம். உம்மும்மாவுக்குத் தாம் பிறந்த யாழ்ப்பாணத்துத் தெருவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இத்தனை பேரையும் ஒரே பயணத்தில் மனநிறைவோடு அழைத்து வர முடியுமா? முடியும். ஆனால் திட்டம் வீட்டிலேயே ஒழுங்காகப் போடப்பட வேண்டும்.

ஒருவர் கடலுக்குள்ளும் மற்றவர் மேலேயுமாக இருப்பது நம்மவருக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்திலிருந்து நம் முன்னோர் குளிக்கச் சென்றார்கள். காலில் கல் கட்டி மூச்சடக்கி இறங்குபவர் ஒருவர்; படகிலிருந்து கயிறு பிடிப்பவர் ஒருவர். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று முத்துக்குளித்துறை ஊர்களில் சொல்வதுண்டு. தன் சகோதரி விதவையாவதை எந்த மச்சானும் விரும்ப மாட்டான் அல்லவா? சுழியோடுபவரும் சுழியோடாதவரும் ஒருவரையொருவர் நினைத்து நடந்தால்தான் பயணம் நிறைவு பெறும்.

கப்பலா, படகா?

2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து வந்த 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்களைத் தொட்டுச் சென்றது. இத்தகைய கப்பலில் தங்குமிடமும் சாப்பாடும் ஒரே இடத்தில் கிடைப்பதால் முதியவர்களுக்கு வசதி. ஆனால் ஒவ்வொரு துறைமுகத்திலும் கரையிறங்கக் கிடைப்பது சில மணி நேரமே. அதற்குள் சுழியோடவும் வேண்டும், ஊரும் பார்க்க வேண்டும் என்றால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. அது விரைவில் நின்றுபோக, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பல் அதே வழியில் ஓடத் தொடங்கியது. கடப்பதற்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். நிதானமாக ஒரு வாரம் தங்க எண்ணும் குடும்பத்துக்கு இதுவே ஏற்றது. மாரிக்காலத்தில் இந்தச் சேவை நிறுத்தப்படுவதுண்டு. ஆகவே புறப்படும் தேதியை உறுதி செய்துகொண்ட பிறகே மற்றவற்றுக்குப் பணம் கட்டுங்கள்.

எங்கே சுழியோடுவது?

யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. பல இடங்களில் கலங்கலானது. பவளப்பாறையைத் தெளிவாகப் பார்க்க விரும்புகிறவர்கள் திருகோணமலைக்குத்தான் போக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து தரைவழியே ஏறத்தாழ ஐந்து மணி நேரம். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் கோணேசர் மலையடியில் சுழியோடிக் கடலுக்குள் கிடந்த கோயிற் சிதைவுகளைக் கண்டது இங்கேதான். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டம்பர் வரை. நவம்பர், டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று கடலைக் கலக்கிவிடும்.

நிலாவெளிக்கு எதிரே கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவில் புறாத்தீவு இருக்கிறது. மாடப்புறாக்களால் பெயர் பெற்ற இத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. குடும்பம் முழுவதும் ஒரே படகில் போகக்கூடிய இடம் இது. பயிற்சி பெற்றவர் காற்றுருளையோடு இறங்கலாம். நீந்தத் தெரிந்தவர் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மேலேயே மிதந்தபடி மீன்களைப் பார்க்கலாம். மற்றவர்கள் மணலில் அமர்ந்திருக்கலாம். பவளத்தின் மீது யாரும் கால் வைக்கக் கூடாது. ஒரு மிதியில் நொறுங்குவது மீண்டும் வளரப் பல வருடங்கள் ஆகும்.

சுழியோடிகள் பெரும்பாலும் அதிகாலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் மற்றவர்கள் கன்னியா வெந்நீரூற்றுக்கோ திருகோணமலைக் கோட்டைக்கோ போய்வரலாம். பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றுகூட வேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இது சிறிய விதிதான். ஆனால் மனத்தாங்கல்கள் பலவற்றைத் தவிர்த்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கடலில் ஸ்கூபா வேண்டாம். கர்ப்பிணிகள் அறவே சுழியோடக் கூடாது. ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். சுழியோடும் உடை உடல் முழுவதையும் மறைப்பது என்பதால் நம் பெண்களுக்குச் சங்கடமில்லை. பெண் பயிற்சியாளர் உண்டா என்று முன்னதாகவே விசாரிக்கலாம்.

இன்னொன்று மிக முக்கியம். சுழியோடும்போது உடலில் நைட்ரஜன் வாயு சேர்கிறது. அது வெளியேறுமுன் விமானத்தில் ஏறினால் அழுத்தம் குறைந்து, இரத்தத்தில் குமிழிகள் உண்டாகி ஆபத்தாகலாம். ஒரு தடவை சுழியோடியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல தடவை சுழியோடியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். நுவரெலியா போன்ற மலைப்பகுதிக்கு உடனே ஏறுவதற்கும் இதே எச்சரிக்கை உண்டு. கப்பலில் திரும்புகிறவர்களுக்கு இந்தத் தடையில்லை. பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்க எண்ணியிருந்தால் முதலில் திருகோணமலை, கடைசியில் யாழ்ப்பாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரம் பெரியவர்களின் நாட்களாக மாறிவிடும்.

யாழ்ப்பாணத்து நாட்கள்

ஒரு நாளை நெடுந்தீவுக்கு ஒதுக்கலாம். குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஒரு மணி நேரம். கோறைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், பெருக்க மரம், ஐரோப்பியர் காலத்திலிருந்து கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள் என்று பார்க்கப் பல உண்டு. படகில் ஏறி இறங்க முடியாத முதியவர்களைக் காரைநகர் கசூரினா கடற்கரைக்கு அழைத்துச் செல்லலாம். வெகு தூரம் வரை ஆழமில்லாத கடல். சிறுவர்களுக்கும் அதுவே நல்லது.

இன்னொரு நாள் சோனகத் தெருவுக்கு உரியது. 1990 அக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியருகே ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். வட மாகாணம் முழுவதுமாக ஏறத்தாழ 75,000 பேர் அந்த நாட்களில் வீடிழந்தார்கள். பலர் புத்தளத்தில் குடியேறினார்கள். போருக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் சிறு தொகையினரே. உம்மும்மா அந்தத் தெருவில் நின்று "இதுதான் எங்கட வீட்டு வாசல்" என்று காட்டும்போது, அங்கே கூரையில்லாத சுவரோ வேறொருவர் கட்டிய வீடோ இருக்கக்கூடும். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, அவர் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் அவசரப்படாமல் உட்கார்ந்து கேட்கட்டும்.

இங்கேதான் பல குடும்பங்களின் திட்டம் சறுக்குகிறது. சுழியோட்டத்துக்கு முன்பணம் கட்டியிருப்போம், நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். தெருவைப் பார்க்க எதற்கு முன்பதிவு? ஒரு நாள் மழை பெய்தால், ஒரு வாகனம் பிந்தினால், வெட்டப்படுவது முதியவரின் நாள்தான். அவரும் "பரவாயில்லை மகன், பிள்ளைகள் சந்தோஷமா இருந்தாச் சரி" என்று சொல்லிவிடுவார். பவளப்பாறையை அடுத்த வருடமும் பார்க்கலாம். எழுபது, எண்பது வயதைக் கடந்தவருக்கு அடுத்த வருடத்தை யார் உறுதி கூற முடியும்?

எனவே நாட்காட்டியை விரித்ததும் சோனகத் தெருவுக்குரிய நாளை முதலில் எழுதுங்கள். அடுத்து கப்பல், அதற்கடுத்து நெடுந்தீவு, பிறகு சுழியோட்டம் என்று நிரப்புங்கள். பிள்ளைகளுக்கு ஒரு காலை நேரம் குறைந்தாலும் குறையட்டும். ஏன் என்று எடுத்துச் சொன்னால் அவர்களே விட்டுக்கொடுப்பார்கள்.