பிடித்துவிடும் கைகள்

உடம்பைத் தொட்டுச் செய்யும் தொழில்களை நம் சமூகம் என்றைக்கும் இரண்டு மனத்தோடுதான் பார்த்து வந்திருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிட மருத்துவிச்சியின் கை வேண்டும். காரியம் முடிந்ததும் அவள் நம்மோடு சரியாசனத்தில் அமர்வது மட்டும் வேண்டாம்! சவரத் தொழிலாளர் குலத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த அப்பணிக்கு இன்று ஸ்பா என்ற பெயரும், கண்ணாடிக் கதவும், மணக்கும் மெழுகுவர்த்தியும் கிடைத்துவிட்டன. மதிப்புக் கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

நம்மிடம் படித்த தோட்டத்துப் பெண்ணொருத்தி அண்மையில் மசாஜ் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றாள். எங்கே வேலைக்குச் சேருவது என்று கேட்டு வந்தாள். பல்லேகலயில் நின்று பார்த்தால் வழிகள் பலவாகவே தோன்றுகின்றன. கண்டியைச் சுற்றி உல்லாசப் பிரயாணிகளின் விடுதிகள், மாத்தளை வீதியில் வாசனைத் திரவியத் தோட்டங்கள், ஆயுர்வேத நிலையங்கள். 2009இல் திறந்த கிரிக்கெட் அரங்கு வேறு கண்ணெதிரே நிற்கிறது. "விளையாட்டு வீரர்களுக்கும் பிடித்துவிடலாமே சேர்?" என்றாள். ஆசை நல்லதுதான், ஆட்டம் வருஷத்தில் சில நாள், வயிறோ வருஷம் முழுவதும்.

வாசனைத் திரவியத் தோட்டங்கள் பலவற்றில் செடிகொடிகளைக் காட்டி முடித்தபின் பயணியின் கழுத்தையும் தோளையும் சில நிமிடம் இலவசமாக நீவிவிடுகிறார்கள். இலவசம் பயணிக்கு. நீவுகிறவருக்கு அவர் கையில் வைக்கும் 'சந்தோஷம்'தான் வரும்படி. எண்ணெய்ப் போத்தல் விற்பதற்கு அக்கைகள் விளம்பரமாகின்றன.

விடுதியில் சேர்வதே கௌரவம் என்பது அவள் தாயின் எண்ணம். விடுதிக் கணக்கில் நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணம் சேர்த்து ஊழியருக்குப் பகிர்வது வழக்கம். ஆயின் மசாஜ் பகுதியை மட்டும் வெளியார் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தால், அங்கே உழைப்பவள் விடுதியின் ஊழியர் ஆகமாட்டாள். அப்பங்கும் அவளுக்குக் கிட்டாமற் போகலாம். 'சம்பளம் எவ்வளவு?' என்பதற்கு முன், 'என் முதலாளி யார்?' என்று கேள் என்றோம்.

'தரகு முறையில் வேலை. ஆகவே சேமலாப நிதி கிடையாது' என்று கூசாமற் சொல்வோரும் உண்டு. இது பொய். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தரகுக்கும் துண்டுக் கூலிக்கும் வேலை செய்வோரையும் தழுவியது. தொழிலாளி நூற்றுக்கு 8, முதலாளி 12. அந்த 12ஐ மிச்சம்பிடிக்கவே இத்தனை வார்த்தை ஜாலம்.

பதிவில்லாத நிலையங்களைப் பற்றி ஓர் இளம்பெண்ணிடம் பேசுவது கூச்சமான காரியம், ஆயினும் பேசினோம். சோதனையிடும் பொலிஸார் கையிலெடுப்பது 1889இல் வெள்ளையர் ஆட்சி இயற்றிய விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம். நாம் வாசித்த அளவில், செய்திகளில் அகப்படுவோர் பெரும்பாலும் அங்கு வேலை செய்த பெண்களே. கட்டடச் சொந்தக்காரரின் பெயரைக் காண்பது அரிது.

இன்னொன்று பெருவிரல். நாள் முழுதும் அழுத்தி அழுத்தி இத்தொழிலாளரின் விரல் மூட்டும் மணிக்கட்டும் நோவெடுக்கின்றன. மேசை ஆளுக்கேற்ற உயரத்தில் இருந்தால் உடற்பாரத்தைச் சாய்த்து அழுத்தலாம், முழங்கையையும் பயன்படுத்தலாம். ஒருவரை முடித்து மற்றவரைத் தொடுமுன் இளைப்பாற நேரம் உண்டா? கடை, காரியாலய ஊழியருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது வாரத்துக்கு 45 மணி நேரம். அத்தனை மணியும் அழுத்திக்கொண்டே இருப்பதை எந்தக் கை தாங்கும்?

தென் கொரியாவில் மசாஜ் தொழில் உரிமை பார்வையற்றோருக்கென ஒதுக்கப்பட்டது. 2006இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்வொதுக்கீட்டைத் தள்ளியபோது அவர்கள் வீதியில் இறங்கினர். சட்டம் திரும்பவும் இயற்றப்பட்டது. 2008இல் அதே நீதிமன்றம் அதை ஏற்றது. இதைக் கேட்டதும் அவள், "இங்கே எங்களுக்குச் சங்கம் இருக்கிறதா சேர்?" என்றாள். விடுதித் தொழிலாளர் சங்கங்களில் விசாரிக்கலாம் என்றோம்.

அவள் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் எழுதினாள். நியமனக் கடிதம் தருவீர்களா என்ற கேள்வியை இரண்டிலும் முதல் வரியிலேயே வைத்தாள். ஓரிடத்திலிருந்து பதில் இல்லை. மற்ற இடத்தில், பதிவு பெற்ற சிறிய ஆயுர்வேத நிலையமொன்றில், திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.