வேலைக்குத் தராத விரல்

தாத்தாவின் நாற்காலி என்று எங்கள் வீட்டில் ஒன்று உண்டு. தேக்கு. கைப்பிடிகள் இரண்டும் கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகிவிட்டவை. உட்காரும் இடத்துப் பிரம்புப் பின்னல் நடுவில் பொத்தலாகி, கொஞ்ச காலம் அதன்மேல் ஒரு தலையணை, அப்புறம் ஒரு பலகை, கடைசியில் மடிக்காத துணிமணிகள் என்று அதன் வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது. அம்பத்தூரில் மூன்று கடைகளில் விசாரித்தேன். மூன்று இடத்திலும் ஒரே பதில்தான். "பிளைவுட் அடிச்சு மேல குஷன் போட்டுடலாம் சார். இதையெல்லாம் இப்ப யார் பின்றாங்க?"

யார் பின்னுகிறார்கள் என்று சொன்னவர் வங்கியில் வேலை பார்க்கும் என் நண்பர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், பூந்தமல்லியில் படித்தவர். "என்கூடப் படிச்சதுல பாதிப் பேர் பின்னுவாங்க. எனக்கும் தெரியும். ஆனா மேனேஜர் ஆனவன்கிட்ட நாற்காலியைக் கொண்டுவரக் கூடாது" என்று சிரித்துவிட்டு ஒரு போன் நம்பரைச் சொன்னார்.

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட, பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இங்கேதான். படிக்கவும் பயிற்சிக்கும் வந்தவர்களில் பலர் இங்கேயே வாடகைக்கு வீடு பிடித்து, கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை குட்டியோடு தங்கிவிட்டார்கள். டிரங்க் ரோட்டில் வெள்ளைக் கோலோடு ஒருவர் நின்றால், வருவது எந்த பஸ் என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்காமலே சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். மெட்ரோ வேலைக்காகச் சாலையில் தடுப்பு வைத்த பிறகு கஷ்டமாகிவிட்டதாம். எத்தனை அடி நடந்தால் டீக்கடை, எங்கே திரும்பினால் மருந்துக்கடை வாசம் என்று வைத்திருந்த கணக்கெல்லாம் குலைந்துபோனதாக நண்பர் சொன்னார்.

நாற்காலியை ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். அதற்கும் ஒரு ஆள் காசு கேட்டார் டிரைவர். கொடுத்தேன்.

குமணன்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு சந்து. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு நடை. நடையின் ஒரு பக்கம் முழுக்க ஏதோ ஓர் அலுவலகத்தின் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் இருப்புப் பதிவேட்டு எண். பின்னுகிறவர் ஓர் அம்மா. அவருடைய வீட்டுக்காரருக்கு ஒரு கண்ணில் மட்டும் நிழல் போலக் கொஞ்சம் தெரியும். அந்த அம்மாவுக்கு நாலு வயதில் அம்மை போட்டதில் இரண்டும் போய்விட்டது. நாற்பதைத் தாண்டியிருக்கலாம். பெயர், ஊர் எதுவும் எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

என் நாற்காலியை இழுத்துப்போட்டு, சட்டத்தின் அடியில் விரலை ஓட்டினார். "பழசு சார். கையால துளை போட்டிருக்காங்க, ஒண்ணுக்கொண்ணு தூரம் ஒரே மாதிரி இல்ல. இதுக்குப் பிரம்பு போட்டாதான் நல்லாருக்கும். ஒயர் வேணாம்." எனக்கு அது தேக்கு என்று மட்டும்தான் தெரியும். துளைகளை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

முதலில் பழைய பின்னலை வெட்டி எறிந்துவிட்டு, துளைகளில் அடைத்துக்கொண்டிருக்கும் தூசும் துண்டுகளுமாக எல்லாவற்றையும் ஒரு குத்தூசியால் குத்தித் தள்ள வேண்டும். அவருடைய குத்தூசிக்கு மரப்பிடி. பிடியில் கட்டைவிரல் படும் இடம் குழிந்திருந்தது. இடது கை விரல் துளையின் வாயைத் தேடும், ஊசி அந்த விரலை ஒட்டி இறங்கும், விரல் கடைசி நொடியில் விலகும். தையல் மெஷினைப் பார்க்கிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். ஒரு முறைகூடக் குத்திக்கொள்ளவில்லை.

பிரெயில் எழுத்தைக் கண்டுபிடித்த லூயி பிரெயிலின் அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். 1809இல் பிறந்த அந்தப் பையன் மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடும்போது இப்படி ஒரு கூரான ஊசியால்தான் கண்ணைக் குத்திக்கொண்டான். ஒரு கண்ணில் பட்ட காயம் சீழ் பிடித்து இன்னொன்றையும் கொண்டுபோனது. பிற்பாடு அவன் உருவாக்கிய புள்ளி எழுத்தைக் காகிதத்தில் குத்துவதும் ஏறத்தாழ அதே மாதிரி ஒரு ஊசியால்தான். இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். "தெரியும் சார், ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க" என்றார் ஊசியை நிறுத்தாமல்.

பிரம்புப் பட்டைகளைத் தண்ணீரில் ஊறவைக்க ஒரு பழைய குழந்தைகள் குளிக்கும் டப். ஊறாத பட்டை மடித்தால் உடையும், அதிகம் ஊறினால் கறுக்கும். பட்டையின் ஒரு பக்கம் மினுமினுப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. மினுமினுப்பு மேலே வர வேண்டும். இதற்குக் கண் எதற்கு?

பின்னல் ஆறு ஓட்டம். முதலில் பின்னிருந்து முன்னுக்கு நேராக ஒன்று. அதன்மேல் குறுக்காக ஒன்று. மறுபடி நேராக ஒன்று. நாலாவது குறுக்கு ஓட்டத்தில்தான் மேலே கீழே என்று கோத்து எடுக்கும் வேலை ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு துளையிலும் பட்டை நழுவாமல் இருக்க ஒரு சின்ன மர ஆப்பைச் செருகி, அடுத்த துளைக்குப் போனதும் பிடுங்கி, இன்னொன்றில் செருகி... ஐந்தாவதும் ஆறாவதும் மூலைவாட்டில் போகிற ஓட்டங்கள். அங்கே நான் தொலைந்துபோனேன். இரண்டு முறை விளக்கினார். எந்த ஜோடிக்கு மேலே, எந்த ஜோடிக்குக் கீழே என்பது என் மண்டையில் ஏறவில்லை. எட்டு மூலை உள்ள சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாக எழும்பியதை மட்டும் பார்த்தேன்.

இதற்கு நடுவில் நான் ஒரு தப்புச் செய்தேன். வீட்டுக்காரர் டீ கொண்டுவந்து நீட்டினார். தம்ளரை வைக்க இடமில்லை. அந்த அம்மாவின் வலது முழங்கால் பக்கம் ஆப்புகள் போட்ட ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இருந்தது. அதை ஒரு சாண் தள்ளிவைத்துவிட்டு தம்ளரை அங்கே வைத்தேன். அடுத்த ஆப்புக்கு அவர் கை நேராகப் போய் என் சூடான டீக்குள் இறங்கியது.

கையை உதறினார். கத்தவில்லை. "யாரோ இடம் மாத்திட்டாங்க" என்றார் பொதுவாக. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "எங்க பொண்ணு நடக்க ஆரம்பிச்சப்போ தினமும் இதே கதைதான் சார். ஒரு ஆப்பை எடுத்துட்டுப் போய் அரிசிக்குள்ள போட்டுருவா. நாள் பூரா தேடுவேன்."

அந்த வீட்டில் எந்தப் பொருளும் சும்மா இருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. துடைப்பம், விளக்குமாறு, மகளின் ஸ்கூல் பை, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு இடம். வேலையும் குடித்தனமும் ஒரே அறையில் நடக்கிற வீடு இது. நாற்காலி வந்து இறங்கும் நாளில் நடை குறுகிவிடும், நடந்து பழகிய வழி மாறிவிடும். அதனால் லோடு வந்த அன்று அவர் முதலில் அடுப்படிக்கும் வாசலுக்கும் நாலைந்து முறை சும்மா நடந்து பார்த்துக்கொள்வாராம். அப்புறம்தான் சமையல்.

காலை நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, எட்டாவது படிக்கும் மகளை அனுப்பிவிட்டு, ஒன்பதரைக்குத் தரையில் உட்கார்ந்தால் மூன்று மணி வரை. குனிந்தே இருப்பதால் இடுப்பு போய்விட்டது. "எந்திரிக்கிறப்போ நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுதான் எந்திரிப்பேன். நல்லவேளை வீடு பூரா நாற்காலி" என்று சிரித்தார். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்குப் பின்னல் இல்லை. மாதவிலக்கு நாட்களில் தரையில் உட்கார முடியாது, கட்டிலில் உட்கார்ந்து ஒயர் கூடை போடுவார். வீட்டுக்காரர் நாற்காலி எடுக்கவும் கொடுக்கவும் போவார். மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் செல்பவருக்கும் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் டிக்கெட் இல்லை. நாற்காலியை அந்தப் பேருந்தில் ஏற்ற முடியாது. என் ஷேர் ஆட்டோ கதையைச் சொன்னேன். "உங்களுக்கு ஒரு ஆள் காசா? எங்ககிட்ட ரெண்டு கேட்பாங்க" என்றார் அவர்.

இந்தத் தொழிலைப் பார்வையற்றவர்களுக்கு என்று யார் ஒதுக்கினார்கள்? வெகுகாலமாகவே இந்த யோசனை இருந்திருக்கிறது. 1887இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப்பும், 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரும் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார்கள். எழுத்தும் கைத்தொழிலும் சேர்ந்தே வந்தன. போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக 1943இல் டேராடூனில் திறந்த செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதியிலிருந்துதான் இன்றைய தேசிய நிறுவனம் வளர்ந்தது. கூடை, பாய், நாற்காலி, மெழுகுவத்தி. உட்கார்ந்த இடத்தில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் செய்யக்கூடியவை. உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்கு என்ன வேலை பொருந்தும் என்று பார்வையுள்ளவர்கள் உட்கார்ந்து முடிவு செய்ததில் கொஞ்சம் சோம்பேறித்தனமும் கலந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த நாற்காலிகளையும் அப்புறம் நாமேதான் பிளாஸ்டிக்குக்கும் குஷனுக்கும் மாற்றினோம்.

மிச்சமிருக்கும் அலுவலக வேலையும் நேராக வருவதில்லை. நடுவில் ஒருவர் ஒப்பந்தம் எடுக்கிறார். லாரியில் கொண்டுவந்து இறக்குகிறார். பிரம்பும் ஒயரும் அவரே தருகிறார், அதற்கான காசைக் கூலியில் பிடித்துக்கொள்கிறார். ஒரு நாற்காலிக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டேன், சொன்னார். ஒரு நாற்காலி இரண்டு நாள் வேலை. வகுத்துப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. "தொகையை எழுதாதீங்க சார். அவர் படிச்சா அடுத்த லோடு வராது" என்றார். எழுதவில்லை. ஆனால் என் கோபத்தை நான் அடக்கவும் இல்லை. வீட்டிலிருந்து உழைப்பவர்களும் தொழிலாளர்கள்தான், அவர்களுக்கும் கூலியும் பாதுகாப்பும் மற்றவர்களுக்குச் சமமாக வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது, இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை, இங்கே அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில்தான் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது, அதை வைத்துக்கொண்டு இந்த ஊரில் வாடகை கொடுக்க முடியுமா, ஒப்பந்தக்காரரின் கையில் நிற்கும் பணத்தில் பாதி வந்தால்கூட... என்று நான் பேசிக்கொண்டே போனேன்.

"சார், காலைக் கொஞ்சம் எடுங்க. பட்டை மேல நிக்கிறீங்க."

எடுத்தேன்.

அப்போதுதான் அந்த விரலைக் கவனித்தேன். இடது கை ஆள்காட்டி விரலில் கிழிந்த ரப்பர் கையுறையிலிருந்து வெட்டிய ஒரு சின்ன உறை. மற்ற விரல்கள் எல்லாம் காய்த்து, நுனியில் கோடு கோடாக வெட்டு. பிரம்பைவிட ஒயர்தான் அதிகம் அறுக்குமாம். காயமா என்று கேட்டேன். இல்லை என்றார்.

"இது படிக்கிற விரல் சார். இதை வேலைக்குத் தரமாட்டேன்."

பின்ன ஆரம்பித்த முதல் இரண்டு வருடத்தில் எல்லா விரலையும்தான் போட்டாராம். நுனி கல் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் பிரெயில் புத்தகம் ஒன்றை எடுத்தால் புள்ளிகள் தட்டுப்படவில்லை. மூன்று புள்ளியா நாலா என்று தெரியவில்லை, வரி முழுக்க ஒரே சொரசொரப்பு. "திரும்பவும் ஒரு தடவை கண்ணு போன மாதிரி இருந்துச்சு." அழுதாராம். அப்புறம் ஆறு மாதம் அந்த ஒரு விரலை மட்டும் எதிலும் படவிடாமல் வைத்து, தேங்காயெண்ணெய் தடவித் தடவி, மெல்ல மெல்லப் புள்ளி திரும்ப வந்தது. அன்றிலிருந்து உறை. போனில் பேசும் செயலிகள் எல்லாம் வந்துவிட்டனவே என்றேன். "அது வாசிச்சுக் காட்டும். நானா படிக்கிறது வேற" என்றார். மகளுக்குக் காய்ச்சலா என்று கழுத்தில் வைத்துப் பார்ப்பதும் அந்த விரலால்தான். அரிசியில் கல் பார்ப்பதும் அதனால்தான். ஒரு விரல் குறைவதால் வேலை தாமதமாகிறது, மாதத்துக்கு இரண்டு நாற்காலியாவது குறையும் என்று வீட்டுக்காரர் கணக்குச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து நாற்காலியை எடுக்கப் போனேன். முடிந்திருந்தது. ஓரத்தில் பட்டையான பிரம்பு வைத்து மூடி, துளைகள் தெரியாமல் கட்டியிருந்தார். தட்டினால் மிருதங்கம் மாதிரி ஒரு சத்தம். நான் பர்ஸை எடுத்தேன்.

"இருங்க சார்" என்று விரலில் இருந்த உறையைக் கழற்றிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பின்னலின் இடது ஓரத்தில் ஆரம்பித்து, வரி வரியாக, அவசரமில்லாமல் விரலை நகர்த்தினார். உதடு லேசாக அசைந்தது. வலது பின்மூலைக்குப் பக்கத்தில் விரல் நின்றது. திரும்ப வந்தது. மறுபடி நின்றது.

"இங்க மேல போக வேண்டிய பட்டை கீழ போயிருக்கு."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். தெரியவில்லை. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். அப்போதும் தெரியவில்லை.

"யாருக்குத் தெரியப்போகுது, விடு" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அதுதான் தோன்றியது.

"மூலைவாட்டுல தப்பாப் போனா ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டே இருக்கும். ஒரே வருஷத்துல அறுந்துரும்" என்று சொல்லிக்கொண்டே ஓரத்துப் பட்டையை நெம்ப ஆரம்பித்துவிட்டார். அதைப் பிரித்தால் அந்தப் பக்கம் முழுவதும் கழற்ற வேண்டும். "வியாழக்கிழமை வாங்க சார்."

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் ஒரு ஆள் காசுதான் கேட்டார்கள்.