கைபட்ட சோடனை

சோடனை என்னும் சொல்லை யாழ்ப்பாணத்தவராகிய நாம் பெரும்பாலும் இரண்டு இடங்களிலேயே வழங்குகின்றோம். ஒன்று கோயில்; மற்றது கலியாண வீடு. இவ்விரு சோடனைகளும் ஒரு காலத்தில் ஊரவர் கைகளால் ஆனவை. கோயிற் சோடனையில் இன்றும் ஓரளவு ஊர்க்கை படுகின்றது. கலியாணச் சோடனையோ ஏறத்தாழ முற்றாகவே வாடகைப் பொருளாகிவிட்டது. காலையில் வண்டியில் வந்திறங்கி, மாலையில் கழற்றி ஏற்றப்பட்டு, மறுநாள் வேறொருவர் வாசலில் அதே முகத்துடன் நிற்கும் சோடனைகளையே எங்கும் காண்கின்றோம்.

அதனை இகழ்வது எமது நோக்கமன்று. அத்தொழிலாற் பிழைக்கும் இளைஞர் சிலர் எம்மிடம் படித்தவர்கள், கைத்திறன் மிக்கவர்கள். வசதியுள்ளோர் அவர்களுக்கு வேலை கொடுப்பது நல்லதே. ஆனால், வசதியில்லாதோரும் அது இல்லையேல் கலியாணமே இல்லை என்றெண்ணி, மகளுக்கென்று சேர்த்த காப்பை அடைவு வைத்து, மணவறைக்குப் பிளாஸ்ரிக் றோசாப்பூவை வாடகைக்கு எடுப்பதைக் காணும்போது மனம் கசக்கின்றது. பூ மறுநாளே போய்விடும், வட்டி நிற்கும்.

எமது ஒழுங்கையில் 2024 ஆம் ஆண்டு ஆவணிக் கடைசியில், நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு, ஒரு கலியாணம் நடந்தது. மணமகளின் தம்பி எமது மாணவன். தந்தையார் சில ஆண்டுகளுக்கு முன் நோயாற் காலமானவர். தாயார் தையல் வேலை செய்து இரு பிள்ளைகளையும் ஆளாக்கியவர். மண்டபம் எடுக்க வழியில்லை. வீட்டு முற்றத்திலேயே பந்தல். பந்தல், மணவறை, வாசல் ஆகிய மூன்றுக்குமாகச் சோடனைக்காரர் எழுதிக் கொடுத்த தொகை 160,000 ரூபா. அத்தொகைக்கு ஈடாக வைக்க அவ்வீட்டில் இருந்தது ஒரு சோடிக் காப்பு. அதுவும் மணமகளுக்கு அணிவிக்கவென்று வைத்திருந்த காப்பு.

அந்தக் கணக்குத் தாளுடன் தாயார் எம்மிடம் ஆலோசனைக்கு வந்தார். ஓலையாலும் கடதாசியாலும் நாமே செய்துவிடலாமே என்றோம். அவருடைய முகம் வாடிவிட்டது.

"மாப்பிள்ளை வீட்டார் கொழும்பிலயிருந்து வருகினம், மாஸ்ரர். ஓலையைக் கண்டால் வக்கில்லாத வீடெண்டு நினைக்கமாட்டினமோ? பிறகு அந்தப் பேச்சை என்ர பிள்ளையெல்லோ கேக்கவேணும்."

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. சிக்கனத்தைப் போதிப்போர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர். சோடனை வெறும் கண்ணுக்கு விருந்தன்று. அது ஒரு வீட்டின் மானம். அதிற் குறை காணப்படின், அக்குறையைச் சுமந்துகொண்டு புகுந்த வீடு செல்பவள் மணமகளே. ஆதலால் நாம் அவருக்குச் சொன்னது இதுதான்: வாடகைச் சோடனையைப் பார்த்து அதே போல மலிவாகச் செய்தால், அது மலிவாகவே தெரியும், ஓலைச் சோடனையை ஓலைக்குரிய முறையில் செம்மையாகச் செய்தால், அதைக் கண்டு ஒருவரும் வறுமையை நினைக்கமாட்டார். அவர் அரை மனத்துடன் சம்மதித்தார்.

முதலிலே, மரபு எவற்றைக் கேட்கின்றது என்பதை ஒரு தாளில் எழுதினோம். பொன்னுருக்கு நாளில் ஊன்றும் கன்னிக்காலுக்கு முள்முருக்கந் தடி, நவதானியம் விதைத்து முளைக்கவிடும் பாலிகைச் சட்டிகள், வாசலின் இருபுறமும் குலை வாழை, நிறைகுடம், குத்துவிளக்கு, நிலைக்கு மாவிலை, பந்தலுக்குக் குருத்தோலைத் தோரணம், நிலத்துக்கு அரிசிமாக் கோலம். எழுதி முடித்தபோது, மங்கலம் என்று எம் முன்னோர் கொண்ட பொருள்களுள் பணங்கொடுத்து வாங்க வேண்டியவை மிகச் சிலவே என்பது தெளிவாயிற்று. அவை வளவிலும் தோட்டத்திலும் இருப்பவை, பல உயிருள்ளவை. முள்முருக்கந் தடி ஈரமான மண்ணில் ஊன்றினால் துளிர்த்துவிடும். பாலிகை நாளுக்கு நாள் வளர்ந்து, கலியாண நாளன்று பசும் புல்லாய் நிற்கும். வளர்கின்ற பொருளை மணமக்கள் முன் வைப்பதிலேயே வாழ்த்து அடங்கியிருக்கின்றது. பிளாஸ்ரிக்குப் பூவால் இதைச் சொல்ல முடியாது.

இரண்டாவதாக, கைகளைத் தேடினோம். மூன்று வார இறுதி நாள்களில் மாலை வேளைகளை வேலைக்கென்று ஒதுக்கினோம். முதல் நாள் வந்தவர் ஐவர். மூன்றாம் கிழமை முற்றத்தில் இருக்க இடம் போதவில்லை.

தோரணம் பின்னுவதற்கு எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் ஆசிரியரானார். நெடுங்காலமாக எவரும் எதையும் கேட்டுப் படிக்க வராத மனிதர் அவர். ஓலையைப் பக்குவமாகக் கிழித்து, மடித்துச் செருகிக் 'குருவி' செய்வதை அவர் காட்ட, எமது மாணவர் சூழ இருந்து பழகினர். மங்கலத் தோரணத்திலே குருவி நான்கு. அவை மேல்நோக்கி நிற்கும். மரண வீட்டுத் தோரணத்திலே குருவி மூன்று, அவை கீழ்நோக்கும். இவ்வேறுபாட்டை உயர்தரம் படிக்கும் மாணவருள் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. ஒரு பையன் அவசரத்தில் மூன்று குருவியுடன் ஒன்றைத் தூக்கிக் காட்ட, பெரியவர் பதறி அதனைப் பறித்து மடிக்குள் மறைத்த வேகத்தைக் கண்டு முற்றமே சிரித்தது. அதன் பின்னர் ஒருவரும் அந்தக் கணக்கை மறக்கவில்லை.

குருத்து வெட்டுவதிலும் ஒரு முறை உண்டு. ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்கலாகாது. குருத்தின் அடியிலுள்ள வளருமுனையிற் கத்தி பட்டால் தென்னை பட்டுப்போகும். ஆகையால் ஏழு வளவுகளில் ஏழு குருத்துகள் எடுத்தோம்; ஏழு வீடுகள் அக்கலியாணத்தில் பங்காளிகளாயின. பழகுவதற்கு முதிர்ந்த ஓலை போதும். உண்மையான தோரணத்துக்குக் குருத்தை முதல் நாள் பிற்பகலே வெட்டி, ஈரச் சாக்கிற் சுற்றி நிழலில் வைத்து, இரவோடிரவாகப் பின்னிக் கட்டவேண்டும். முன்னரே கட்டினால் வெயிலில் சுருண்டு நிறம் மாறிவிடும்.

பெண்கள் கடதாசிப் பூவை ஏற்றுக்கொண்டனர். கிறேப் கடதாசிக்கு ஓர் இயல்பு உண்டு. அதன் சுருக்கங்கள் ஓடும் திசைக்குக் குறுக்கே இழுத்தால் அது விரியும். சுருக்கம் இதழின் நீளவாக்கில் அமையும்படி வெட்டி, நடுவை இரு பெருவிரல்களாலும் மெல்ல விரித்தால் இதழ் கிண்ணம்போற் குழிந்துவிடும். அடியிற் கம்பி சுற்றிக் கோதுமை மாப் பசையால் ஒட்டினால் றோசா ஆயிற்று. தாயாரின் தையற் கூடையில் எஞ்சிக் கிடந்த பட்டுத் துண்டுகள் தாமரை மொட்டுகளாயின. நூறு வீட்டுப் பெண்களின் சட்டைகளிலிருந்து மிஞ்சிய துணிகள் அவை. தம் சட்டைத் துணியை அடையாளங் கண்டு மகிழ்ந்தவர் பலர்.

மணவறைக்கு நான்கு கமுக மரங்கள் நட்டு, கமுகஞ் சலாகையால் மேற்கட்டு அமைத்தோம். பின்புறத் திரைக்கு அயல் வீட்டார் தத்தம் பட்டுச் சேலைகளைக் கொடுத்தனர். அவற்றை மடித்துத் தொங்கவிடுகையில், தாயார் உள்ளே சென்று தமது கூறைச் சேலையை எடுத்து வந்து, சற்றுத் தயங்கி, ஓரத்திலே கட்டலாமா என்று கேட்டார்.

உறவுக்குள் மூத்த பெண்மணி ஒருவர் உடனே தடுத்தார். கைம்பெண்ணின் கூறையை மணவறையிற் கட்டுவது எவ்விதம் முறையாகும் என்பது அவர் கேள்வி. எவரும் வாய் திறக்கவில்லை. எமது சமுதாயத்தில் இந்த இடத்தில் வாய் திறப்பது எளிதன்று. பொன்னுருக்கிலும், பாலிகை இடுவதிலும், ஆராத்தி எடுப்பதிலும், பெற்ற தாய் ஒதுங்கி நிற்கச் சுமங்கலிகள் முன்னே செல்லுவதே வழக்கம். அத்தாயும் அதற்குத் தம்மைத் தயார்ப்படுத்தியிருந்தார். கடதாசிப் பூவைச் சுற்றிக்கொண்டிருந்த மணமகள் தலை நிமிராமலே சொன்னாள்:

"அம்மா பின்னுக்கு நிக்கவேணுமெண்டால், அவவின்ர கூறையாவது முன்னுக்கு நிக்கட்டும், பெரியம்மா. ஓரத்தில வேண்டாம், நடுவில கட்டுங்கோ."

நடுவிலேயே கட்டினோம். மூத்த பெண்மணி மறுமொழி சொல்லவில்லை. ஆயினும், சிறிது நேரங்கழித்து எழுந்து சென்று, அக்கூறையின் மடிப்பை நேராக்கி ஊசி குத்தியவர் அவரேதான்.

கைச் சோடனையின் உண்மையான பயனை நாம் அங்கேதான் கண்டோம். வாடகைச் சோடனையில் எவருக்கும் இடமில்லை. பணங்கொடுத்தவர் ஒருவர், பார்த்துச் செல்பவர் மற்றெல்லோர். கையாற் செய்யும்போது, ஒதுங்கி நிற்கும் தாய்க்கும், மறக்கப்பட்ட முதியவருக்கும், கையில் தொலைபேசியுடன் மூலையில் இருக்கும் பையனுக்கும் அக்கலியாணத்தில் ஓர் இடம் கிடைத்துவிடுகின்றது.

கலியாண நாளன்று மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கினர். மாப்பிள்ளையின் பேத்தியார் படலையடியில் நின்று தோரணத்தை அண்ணாந்து பார்த்து, விரல் விட்டு எண்ணி, "நாலு, சரி" என்று தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கொழும்பில் பல ஆண்டுகளாக மாடி வீட்டில் வாழ்பவராம். படம் எடுப்பதற்கு மின்விளக்கு வளையம் எங்கே என்று ஓர் இளைஞர் தேடியது உண்மை. வாழைக் குலையின் கீழே நிறுத்தி எமது பையன்கள் அவரைத் திருப்திப்படுத்திவிட்டனர். குறை சொன்னவர் எவரேனும் இருந்தாரோ என்பது எமது காதுக்கு எட்டவில்லை. தாயாரின் காதுக்கும் எட்டவில்லை. எமக்கு அதுவே போதும்.

கணக்கையும் சொல்லிவிடுவோம். கடதாசி, பசை, நூல் 4,200 ரூபா. மாலைக்கும் மணவறைக்கும் வாங்கிய உதிரிப் பூ 11,500. வேலைக்கு வந்தோருக்குத் தேநீரும் சிற்றுண்டியும் 6,000. கம்பி, ஆணி, கயிறு 2,650. ஆக மொத்தம் 24,350 ரூபா. தாம்பூலத்துடன் கொடுக்கப் பிளாஸ்ரிக்குப் பைகளுக்குப் பதிலாகப் பனையோலைக் குட்டான்கள் வாங்கினோம். அச்செலவு வேறு, அது பனையோலை பின்னும் பெண்களின் அடுப்புக்குச் சென்றது. காப்பு மணமகளின் கையோடு போயிற்று.

இவ்வழியைப் பின்பற்ற விரும்புவோருக்கு இரண்டொரு வார்த்தை. கைவேலை என்பதனாலேயே அது மலிவாகிவிடாது. கண்டதையெல்லாம் செய்யப் புகுந்தால், பொருள் வாங்கிய செலவும் போய், கடைசி நாளில் சோடனைக்காரரையும் கூப்பிடவேண்டிவரும். வாசல், மணவறை என இரண்டிடங்களைத் தெரிந்து அவற்றைச் செம்மையாகச் செய்தால் கண் அங்கேயே தங்கும். முகூர்த்த நாளில் உதிரிப் பூ விலை ஏறும். ஆதலால் தூரத்தில் தெரியும் இடத்துக்குக் கடதாசி, கைக்கெட்டும் இடத்துக்கு மெய்ப்பூ. விளக்குக்கு அருகிலும் ஓமத் தீயின் பக்கத்திலும் கடதாசியும் காய்ந்த ஓலையும் கூடவே கூடாது.

சட்டமும் இப்போது ஓலையின் பக்கமே நிற்கின்றது. இலங்கையில் 2017 செப்டெம்பர் தொடக்கம் வைபவங்களின் சோடனைக்குப் பொலித்தீன் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது; 2023 ஒக்ரோபர் 1 ஆம் திகதி தொடக்கம் பிளாஸ்ரிக்குப் பூமாலைகளும் தடையுள் வந்தன. குருத்தோலைக்கு இத்தகைய தடை எதுவுமில்லை. அக்கலியாணத் தோரணத்தை மூன்றாம் நாள் அவிழ்த்தபோது, அது தென்னையின் அடிக்கே பசளையாகச் சென்றது.

பழம்பெருமை பேசி முடிப்பது எமக்கு விருப்பமன்று. அன்றைய பந்தலும் குற்றமற்றதாய் இருக்கவில்லை. வெள்ளை கட்டுவோர் இன்னார், வாழை சுமப்போர் இன்னார் என்று பிறப்பைக் கொண்டு வகுத்திருந்தனர். அழைத்தால் வராதிருக்க அவர்களுக்கு உரிமையில்லை. வந்து உழைத்தபின் பந்தியிற் சமமாக இருந்து உண்ணவும் உரிமையில்லை. அந்தப் பந்தல் திரும்பி வரவேண்டாம். எமது ஒழுங்கை முற்றத்திலே, யாருடைய பிள்ளை என்று எவரும் கேளாமல், ஒரே பாயில் இருந்து குருவி மடித்து, ஒரே தட்டில் வடை எடுத்துத் தின்றனர். பழைய ஓலையை எடுத்துக்கொள்வோம். பழைய வேலியை விட்டுவிடுவோம்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் குருவி மடிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் எங்கோ ஒரு திண்ணையில் இருப்பார். கலியாணம் ஒன்று வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். வருகின்ற ஞாயிறு நான்கு முதிர்ந்த ஓலைகளுடன் அவரிடம் செல்லுங்கள். ஒரு மாலைப் பொழுதிற் பழகிவிடக்கூடிய வித்தைதான். ஆனால் கையைப் பிடித்துக் காட்ட ஒருவர் வேண்டும்.