செதுக்காத கற்கள்

2018 டிசெம்பர் விடுமுறையில் யோக்யகார்த்தா போயிருந்தேன். கோலாலம்பூரில் தொழில் செய்யும் மச்சான் பயணச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டதால்தான் அது கைகூடியது. வண்ணாத்திவில்லுவில் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கும் எனக்கு, பிரம்பனான் கோயிலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

பிரம்பனான் ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. நடுவில் நிற்கும் சிவன் கோயிலின் உயரம் 47 மீற்றர். இடிந்து கிடந்த அதைக் கல் கல்லாகச் சேர்த்து 1953இல் எழுப்பி முடித்தார்கள். 2006 மே 27 காலை 5.53க்குப் பூமி அதிர்ந்தபோது கற்கள் உதிர்ந்தன. கோபுரங்களில் வெடிப்புக் கண்டது. அந்த அதிர்ச்சியில் 5,700க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் முஸ்லிம்கள்.

வாசலில் கறுப்புத் தொப்பி போட்ட ஒரு வயதான காவலாளி இருந்தார். மச்சானுக்கு மலாய் தெரியும், பேச்சுக் கொடுத்தார். அன்று சுப்ஹு தொழுதுவிட்டுத் திண்ணையில் இருந்தாராம். பிள்ளைகளை வெளியே இழுத்துப் போட்டதும் வீடு விழுந்துவிட்டது. சில நாட்களில் கோயிலுக்கு வந்து, சிதறிய கற்களைப் பொறுக்குகிறவர்களோடு சேர்ந்துகொண்டார்.

"உங்கள் வீடே விழுந்து கிடக்க இங்கே வந்தீர்களா?" என்று கேட்கச் சொன்னேன்.

"இதுவும் எங்கள் பாட்டன்மார் கட்டினதுதானே. தொழுவதற்குப் பள்ளிவாசல் இருக்கிறது. இதைப் பார்த்துக்கொள்ள வேறு யார் வருவார்கள்?" என்றார்.

அந்தக் கோயில்களில் கல்லோடு கல்லைக் கொளுவிக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே உதிர்ந்த ஒவ்வொரு கல்லுக்கும் அதற்கென்றிருந்த இடத்தைத் தேட வேண்டும். பழைய கல் கிடைக்காத இடத்தில் புதுக்கல் வைத்தால் அதில் சிற்பம் செதுக்குவதில்லை, வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள். பழையது எது, புதியது எது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவாம். வடக்கே கொஞ்சத் தூரம் நடந்தால் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சேவு என்னும் பௌத்தக் கோயில்கள். அதே பூமியதிர்ச்சி அங்கும் சேதம் செய்திருந்தது. அங்கும் செதுக்காத கற்களைக் கண்டேன்.

மறுநாள் போரோபுதூர். பூமியதிர்ச்சி விட்டுவைத்த அந்தப் பௌத்தச் சின்னத்தை மனிதர் விட்டுவைக்கவில்லை. 1985 ஜனவரி 21 அன்று குண்டு வைத்து ஒன்பது தூபிகளைச் சேதப்படுத்தினார்கள். வைத்தவர்கள் நம் பெயர் தாங்கியவர்கள். அதைக் கேட்டபோது, எங்கள் ஊரில் இப்படியெல்லாம் நடக்காது என்று மச்சானிடம் பெருமையாகச் சொன்னேன். தலையில்லாத ஒரு புத்தர் சிலைக்குப் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய கையோடு செய்தி வந்தது: மாவனல்லையில் புத்தர் சிலைகளை உடைத்திருக்கிறார்கள். அந்த விசாரணை 2019 ஜனவரி நடுப்பகுதியில் எங்கள் வண்ணாத்திவில்லுவுக்கே வந்து, ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிபொருட்களைத் தோண்டியெடுத்தது. ஏப்ரல் 21க்குப் பிறகு எங்கள் ஊரின் பெயரைச் சொல்லவே வாய் கூசியது. சோதனை நடக்கிறது என்றதும் சனங்கள் அரபுக் கிதாபுகளைக்கூட ஒளித்தார்கள். நான் தொலைபேசியைத் திறந்தேன். தலையில்லாத சிலையும் பக்கத்தில் தாடியோடு நானும். பார்க்கிறவனுக்கு எதை விளங்கப்படுத்துவேன்? அந்தப் படத்தை மட்டும் அழித்திருக்கலாம். பயத்தில் பிரம்பனான், சேவு, காவலாளி எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

அவருடைய முகம் இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. அதுதான் என்னை வருத்துகிறது. சிலையை உடைத்தவர்களும் முஸ்லிம்கள், கல் பொறுக்கியவரும் முஸ்லிம் என்று சொல்ல என்னிடமிருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே அழித்தேன்.

போன தவணையில் ஒன்பதாம் வகுப்புக்குப் பிரம்பனானைப் பற்றிச் சொன்னேன். படம் கேட்டார்கள். கரும்பலகையில் கோபுரத்தை வரைந்து, செதுக்காத கற்களுக்கு வெறும் சதுரங்களாகப் போட்டேன்.

"சேர், ஏன் அதை மட்டும் சும்மா விட்டிருக்கீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

காவலாளியில் தொடங்கி, என் தொலைபேசி வரை சொன்னேன். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழும்பவில்லை.